என் கணவரின் கைக்கடிகாரமும் நான் கொடுத்த வாக்குமூலமும்

என் கணவர் பெப்ரவரி மாதத்தில் லண்டனில் இறந்தார். அவருடைய சாம்பலைக் கீரிமலையில் கரைப்பதற்காக ஆடி அமாவாசைக்கு ஐந்து நாட்கள் முன்னதாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தேன். ஒரு வாரத்தில் முடியவேண்டிய அந்தப் பயணம், நான் தங்கியிருந்த விடுதியில் நடந்த ஒரு கொலையின் விசாரணைக்குள் அகப்பட்டு, ஏழு வாரங்களாக நீண்டது. அந்த விசாரணையில் நான் உறுதியோடு சொன்ன ஒரு தவறான நேரத்தினால், கொலை நடந்தபோது அங்கே இருந்திராத ஓர் இளைஞன் மூன்று வாரங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தான். இதே நிலையில் இன்னொருவர் நிற்க நேர்ந்தால் அவருக்குப் பயன்படவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வழக்கு இன்னும் முடியாததால் இறந்தவரைப் பற்றியும், இப்போது எதிரிக்கூண்டில் நிற்பவர்களைப் பற்றியும், விடுதி எது என்பதைப் பற்றியும் எதுவும் சொல்லமாட்டேன்.

கீரிமலைதான் வேண்டும் என்பது என் கணவரின் விருப்பம். அவர் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறியபின் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்த இடப்பெயர்வில் அவருடைய தகப்பனாரும் நடந்தார்; அங்கேயே சில வாரங்களில் இறந்தும் போனார். பரம்பரையாக எல்லோருடைய அந்தியேட்டியும் நடந்த கீரிமலைக்கு அவருடைய சாம்பலைக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. லண்டனில் இருந்த என் கணவருக்கு அது கடைசிவரை ஆறாத குறை. “ஐயாவைத்தான் அங்க கொண்டுபோக ஏலாமல் போச்சு, என்னையாவது கொண்டுபோய் விடு” என்று நோயில் கிடந்த மாதங்களில் பல தடவை சொன்னார்.

சாம்பலை விமானத்தில் கொண்டுபோவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உலோகச் செம்பில் அல்லது கலசத்தில் வைத்தால் ஊடுகதிர்ச் சோதனையில் உள்ளே இருப்பது தெரியாது. ஆகவே மரத்தாலான அல்லது கடின அட்டையாலான பெட்டியே நல்லது. இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கூடவே இருக்கவேண்டும். பயணப்பொதியில் போடாமல் கையிலேயே கொண்டுபோவதானால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இவையெல்லாவற்றையும் நான் ஒழுங்காகச் செய்தேன். செய்யத் தவறியது ஒன்று: சான்றிதழ்களின் பிரதியை வேறெங்கும் வைக்கவில்லை. மூலப் பத்திரங்கள் சாம்பல் இருந்த அதே பைக்குள்ளேயே இருந்தன.

விடுதியில் தங்கியதற்கும் அந்தச் சாம்பல்தான் காரணம். என் கணவரின் தமையனுடைய மகன், என் பெறாமகன், நல்லூருக்கு அருகில் குடியிருக்கிறார். கிரியையைச் செய்ய இருந்தவரும் அவரே. சாம்பலை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்பது வழக்கம். அவருடைய வீட்டில் கைக்குழந்தையும் இருந்தது. மருமகளின் தாயார் முகத்தில் தெரிந்த தயக்கத்தைப் பார்த்து, நானாகவே விடுதியில் அறை எடுத்தேன். பையில் என்ன இருக்கிறது என்று விடுதிக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அறை தரமாட்டார்கள் என்று பயந்தேன்.

என் இடது கையில் அவருடைய கைக்கடிகாரம் இருந்தது. வைத்தியசாலைத் தாதி அதைக் கழற்றி என்னிடம் தந்த இரவிலேயே என் கையில் கட்டிக்கொண்டேன். அவர் கடைசியாக வைத்த நேரத்தில் அது ஓடுகிறது என்ற எண்ணம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததால், அதன் முள்ளை நான் ஒருபோதும் தொடவில்லை.

மூன்றாம் இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பக்கத்து அறையில் ஆண் குரல்கள் உயர்ந்து கேட்டன. பாரமான ஏதோ விழுந்தது. பிறகு ஒருவர் விறாந்தையால் வேகமாக நடந்துபோகும் சத்தம். கைத்தொலைபேசி மேசையில் மின்னேற்றத்தில் இருந்ததால் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். முள் எட்டு இருபதில் நின்றது. அந்த நாட்களில் மகளோடு பேசுவதற்காக லண்டன் நேரத்தோடு நாலரை மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்ப்பது என் பழக்கமாகியிருந்தது. கூட்டினேன், பன்னிரண்டு ஐம்பது. சிறிது நேரத்தில் எழுந்து மகளுக்கு ஒரு குரற்செய்தி அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் படுத்தேன். வெளியே போய்ப் பார்க்கவோ, யாரையும் கூப்பிடவோ எனக்குத் தோன்றவில்லை. அந்த நிமிடங்களைப் பற்றி இப்போதும் நினைக்கிறேன்.

காலையில் அறையைத் துப்புரவாக்க வந்த பெண்ணின் அலறல் கேட்டது. பொலிஸார் வந்தார்கள். இரண்டு அறைகளுக்கும் பொதுவான பின்விறாந்தை இருந்ததால் என் அறையும் குற்றம் நடந்த இடத்தின் பகுதியாகக் கருதப்பட்டு நாடா கட்டி மூடப்பட்டது. நான் உடுத்த உடுப்போடும் கைத்தொலைபேசியோடும் கடவுச்சீட்டு இருந்த சிறு பையோடும் முன்மண்டபத்தில் இருந்தேன். பிற்பகலில் நீதவான் வந்து பார்வையிட்டார். சடலம் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்காகப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டது. என் பையை மட்டும் எடுத்துத் தாருங்கள் என்று கெஞ்சினேன். தடயவியல் பொலிஸார் வேலை முடிக்கும்வரை ஒரு பொருளும் வெளியே போகாது என்றார்கள். அது சரியான நடைமுறை என்பதை இப்போது ஏற்றுக்கொள்கிறேன். அன்று ஏற்க முடியவில்லை. அதற்கும் மேலாக, பையைத் திறந்தவர்களுக்குச் சாம்பல் நிறத் தூள் நிறைந்த பெட்டியொன்று கிடைத்தது. அது என்னவென்று விடுதியில் ஒருவருக்கும் தெரியாது. விடுதிக்காரரிடம் மறைத்த காரணத்தையே அன்று மாலைவரை மூன்று பேரிடம் மூன்று தடவை விளக்கவேண்டியிருந்தது. பெட்டியோடு சான்றிதழ் இருந்தும், அது சரிபார்க்கப்பட வேண்டும் என்று பெட்டியைப் பாரமெடுத்தார்கள். ஆடி அமாவாசை அன்று சாம்பல் பொலிஸ் நிலையத்தில் இருந்தது. பெறாமகன் கீரிமலைக்குப் போய்த் தன் தகப்பனாருக்கு மட்டும் எள்ளுந் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தார்.

இனி வாக்குமூலம் பற்றி. எனக்குத் தெரிந்ததைச் சொல்லவேண்டும், இறந்தவருக்கு நீதி கிடைக்கவேண்டும் என்று மனதார விரும்பினேன். பல மாதங்களாக எதற்கும் உதவாதவளாகக் கிடந்த எனக்கு, ஒருவருக்குப் பயன்படும் ஒன்று கையில் இருப்பதாகவும் பட்டது. அதுதான் என்னை அவ்வளவு உறுதியாகப் பேச வைத்தது என்று நினைக்கிறேன். “எத்தனை மணியிருக்கும் அம்மா?” என்று கேட்டார்கள். “பன்னிரண்டு ஐம்பது. கடிகாரத்தைப் பாத்தனான்” என்றேன். எந்தக் கடிகாரம், அதில் என்ன நேரம் காட்டியது, நான் எதைக் கூட்டினேன் என்பதை நான் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. அடுத்து, “இரவு வேலை செய்யிற பெடியன்ர குரல் மாதிரி இருந்ததோ?” என்று கேட்டார்கள். அந்த இளைஞன் எனக்கு இரண்டு நாள் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தவன். அவன் சத்தம்போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. “தெரியாது” என்பதே உண்மையான பதில். நான் “இருக்கலாம்” என்றேன். எழுத்தில் அது, அவனுடைய குரலை ஒத்திருந்ததாக நான் சொல்வதாக மாறியிருந்தது.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின்படி, பொலிஸார் எழுதும் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டவோ அவரிடம் காட்டவோ வேண்டும்; அதில் விளக்கம் சொல்லவும் மேலதிகமாகச் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. கேட்கப்பட்ட கேள்வியும் பதிலோடு எழுதப்படவேண்டும். வடக்குக் கிழக்கில் நிருவாகத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் உரிய மொழி தமிழ் என்பது 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்திலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. என் வாக்குமூலம் தமிழிலேயே எழுதப்பட்டது; எனக்கு வாசித்தும் காட்டினார்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மூடிய அறைக்குள் இருந்த பெட்டியை நினைத்துக்கொண்டு, காட்டிய இடங்களில் கையெழுத்து வைத்தேன். உங்களுக்கு அப்படி ஒரு நிலை வந்தால், தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, வேண்டுமானால் அரை மணித்தியாலம் பொறுத்து, ஒவ்வொரு வரியையும் நீங்களே வாசியுங்கள். கேள்வியாக வந்த சொல் உங்கள் வாயிலிருந்து வந்ததாக எழுதப்பட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். நேரம் சொல்வதானால் அதை எதில் பார்த்தீர்கள், என்ன காட்டியது என்பதைக் கண்டபடியே சொல்லி, கணக்கை அவர்களிடம் விடுங்கள்.

அடுத்த நாள் அந்த இளைஞனைக் கைதுசெய்தார்கள். ஒரு மணிக்கு வேலை முடித்து, போதனா வைத்தியசாலையில் இருந்த தன் தாயாரிடம் போனதாக அவன் சொல்லியிருக்கிறான். வைத்தியசாலை வாசலிலும் நோயாளர் பிரிவிலும் அது பதிவாகியிருந்தது. ஆனால் சண்டை பன்னிரண்டு ஐம்பதுக்கு நடந்திருந்தால் அந்தப் பதிவு அவனுக்கு உதவாது. ஒரு மணிக்கு அவன் வெளியேறியதே அவனுக்கு எதிரான சான்றாகிவிடும். இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தப்பட்டு விளக்கமறியலுக்குப் போனான். கொலைச் சந்தேகத்தில் இருப்பவருக்கு நீதவானால் பிணை கொடுக்க முடியாது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி மேல்நீதிமன்ற நீதிபதியே கொடுக்கலாம். பிணைக்கு மனுப்போடச் சட்டத்தரணியும் பணமும் வேண்டும். அந்தக் குடும்பத்திடம் இரண்டும் இல்லை. சட்ட உதவி ஆணைக்குழு இப்படிப்பட்டவர்களுக்காக இருக்கிறது என்பதை வைத்தியசாலையில் பக்கத்துக் கட்டிலுக்காரர் சொல்லித்தான் தாயார் அறிந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாம்பல் பொலிஸ் நிலையத்தில் இருந்ததால் பெறாமகன் வீட்டுக்குப் போய்த் தங்க எனக்குத் தடை இருக்கவில்லை. நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள். கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டன, விடுதிகளில் அறை கிடையாது. அந்த வீட்டின் முன்விறாந்தையில் இருந்துதான், கொலை நடந்து ஆறாம் இரவு, மகளோடு பேசினேன். அந்த இரவைப் பற்றி முழுவதும் சொல்லும்படி கேட்டாள். பன்னிரண்டு ஐம்பது என்று சொன்னேன்.

“இல்லையே அம்மா, நீங்கள் வொய்ஸ் அனுப்பேக்க இங்க ஒன்பது இருபத்தாறு. நான் அப்பதான் ரெயினால இறங்கினனான்.”

ஒன்பது இருபத்தாறோடு நாலரை மணித்தியாலத்தைக் கூட்டினால் அதிகாலை ஒன்று ஐம்பத்தாறு. என் கைத்தொலைபேசியில் இருந்த செய்தியைத் திறந்தேன். அதிலும் ஒன்று ஐம்பத்தாறு என்றே இருந்தது. “இப்பதான் பக்கத்து அறையில ஏதோ விழுந்த சத்தம் கேட்டது” என்று என் குரல் தொடங்குகிறது. ஒரு மணித்தியாலம் எங்கே போனது என்று நானும் பெறாமகனும் இரவு வெகுநேரம் யோசித்தோம். பிரித்தானியாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைப்பார்கள். என் கணவர் இறந்தது பெப்ரவரியில். நான் தொடாமல் காத்த கடிகாரம் குளிர்கால நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது; இலங்கைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். நான் கூட்டியதோ கோடைக்கால நாலரை. எட்டு இருபது என்றால் ஒன்று ஐம்பது. ஒன்று ஐம்பதுக்கு அந்த இளைஞன் தாயாரின் கட்டிலடியில் நின்றான்.

உடனே கடிகாரத்தைக் கழற்றிச் சரியான நேரத்துக்குத் திருப்பப் போனேன். பெறாமகன் என் கையைப் பிடித்தார். “சித்தி, தொடாதேங்கோ. அதுதான் இப்ப சாட்சி.” அவர் தடுத்திராவிட்டால், நான் எப்படிப் பிழைவிட்டேன் என்பதைக் காட்டுவதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர வேறொன்றும் இருந்திராது. பிழையைக் கண்டுபிடித்தவுடன் அதைத் துடைத்துவிட மனம் உந்தும். செய்தியை அழிக்காதீர்கள், தொலைபேசியை மாற்றாதீர்கள், எதையும் திருத்தாதீர்கள். கண்டுபிடித்த நேரத்தையும் கூட இருந்தவரையும் ஒரு தாளில் எழுதித் திகதியிட்டு வையுங்கள்.

காலையில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். என் பயத்தை அவரிடம் மறைக்கவில்லை: பொய் வாக்குமூலம் கொடுத்ததாக என்னைப் பிடிப்பார்களா? தெரிந்துகொண்டே பொய் சொல்வதுதான் குற்றம் என்றும், பிழையென்று தெரிந்தபின் பேசாமல் இருப்பதே ஆபத்தென்றும் விளக்கினார். பிறகு ஒன்று சொன்னார்: “கண்டதைச் சொல்லுங்கோ, கேட்டதைச் சொல்லுங்கோ. நினைச்சதைச் சொல்லாதேங்கோ.” அவரோடு போய் மேலதிக வாக்குமூலம் கொடுத்தேன். பொலிஸ் நிலையத்தில் அதை ஒருவரும் விரும்பவில்லை. இரண்டு தடவை நாளை வரச்சொன்னார்கள். மூன்றாம் தடவை சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் என்ற மனு ஒன்றின் மூலம் விடயத்தை நேரடியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். நீதவான் முன்னிலையில் குரற்செய்தி கேட்கப்பட்டது. கடிகாரத்தை நீதிமன்றச் சுவர்க்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, ஐந்தரை மணித்தியாலம் பின்னால் ஓடுவதாக எழுதினார்கள். குரல் பற்றிய “இருக்கலாம்” என்ற சொல்லையும் அங்கேயே விளக்கி, யாருடைய குரல் என்று எனக்குத் தெரியாது என்று பதிய வைத்தேன். என் கடவுச்சீட்டின் மூலத்தைப் பொலிஸார் கேட்டிருந்தார்கள். அதற்கு நீதிமன்றக் கட்டளை இருக்கிறதா என்று சட்டத்தரணி கேட்டதும், பிரதியே போதுமென்று விட்டார்கள். முப்பது நாள் விசாவை நீடித்துக்கொண்டேன். விசாரணை நடப்பது விசாவைத் தானாக நீட்டிவிடாது.

சாம்பல் ஒன்பதாம் நாள் திரும்பக் கிடைத்தது. அதைத் தந்தவர் ஒரு சிங்களச் சார்ஜன்ட். பெட்டியை என் முன்னால் ஒருமுறை திறந்து காட்டியே ஒப்படைக்கவேண்டும் என்று விதி. அவர் மேசையில் இருந்தவற்றை ஒதுக்கி வெள்ளைத்துணி விரித்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து திறந்தார். அவருடைய தமிழ் குறைவு, என் சிங்களம் அதைவிடக் குறைவு. அந்த ஏழு வாரங்களில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அது.

இளைஞனுக்கு எதிராகச் சான்றில்லை என்று பொலிஸார் அறிக்கையிட்டபின் இரண்டாவது தவணையில் அவன் விடுவிக்கப்பட்டான். போய் அவனிடமும் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்க விரும்பினேன். இருவரும் ஒரே வழக்கில் சாட்சிகளாக வரக்கூடியவர்கள், வழக்கு முடியும்வரை சந்திப்பது அவனுக்கே கெடுதலாகும் என்று சட்டத்தரணி தடுத்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அவனோடு பேசவில்லை. வீதியில் ஒலிவாங்கியோடு வந்து கேட்ட இளைஞர்களிடமும் பேசவில்லை. சாட்சி ஒருவர் வெளியில் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பிறகு மன்றில் அவருக்கு எதிராக வாசிக்கப்படலாம். வழக்கு எடுக்கப்படும்போது நான் லண்டனில் இருந்தால், சாட்சிகளின் பாதுகாப்புக்கென 2023இல் வந்த 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நேரடி ஒளி, ஒலி இணைப்பு வழியாகச் சாட்சியமளிக்க அனுமதி கேட்கலாம் என்றார்கள். முடிந்தவரை நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆவணி அமாவாசை அன்று, நல்லூரில் தீர்த்தத் திருவிழா நடந்த காலையில், நாங்கள் கீரிமலைக்குப் போனோம். ஆடி அமாவாசைக்குரிய சனம் அங்கே இல்லை. ஐயரும் எங்களோடு இன்னும் இரண்டு குடும்பங்களும் மட்டும். பெறாமகன் கிரியைகளை முடித்துப் பெட்டியோடு கடலுக்குள் இறங்கினார். நானும் முழங்காலளவு தண்ணீர்வரை போய் அவருடைய கையோடு என் கையையும் வைத்தேன். கடிகாரம் சான்றுப்பொருளாக நீதிமன்றத்தில் இருக்கிறது. அதற்குத் தந்த பற்றுச்சீட்டு, சாம்பல் இருந்த பைக்குள் கரையில் இருந்தது. ஆறு மாதம் அது கட்டியிருந்த இடத்தில் என் மணிக்கட்டு வெளுத்துப்போயிருந்ததை அந்தத் தண்ணீரில்தான் முதன்முறையாகக் கண்டேன்.